தாய்வழி நாட்டில் ஒரு மக்கட் பிரதிநிதி

மட்டக்களப்புத் தமிழரிடையே குடி தாய்வழியாகவே வருகின்றது. பிள்ளை தகப்பனுடைய குடியைச் சேர்வதில்லை. தாயின் குடியையே சேர்கின்றது. மணமுடித்த மாப்பிள்ளை பெண்வீட்டிற்கு வருவதும், வீடும் வளவும் மகளுக்குச் சீதனமாகச் செல்வதும் கிரான் முதலிய கோறளைப்பற்று ஊர்களிலும் வாவியின் மறுகரையிலும் வழங்கிவரும் முறையாகும். முற்காலத்து முக்குவர் வழமைச் சட்டமோ முதுசச் சொத்தைச் சகோதரியின் பிள்ளைகளுக்கே உரியதாக்கிற்று.

இம்முறையைக் கண்ணுறும் அயலவர், இங்கு பெண்ணின் கை ஓங்கியிருக்கும் என எண்ணுவது இயல்பே. உண்மை நிலை வேறாகும். கோயில் வண்ணக்கர் பதவி குடிக்கு உரியது. அக்குடி பெண்ணாலே தொடர்வது. ஆயினும் பதவியில் அமர்பவர் ஆணே. வன்னிமை, உடையார், விதானையார், போடியார் என ஊரை ஆண்ட பெயர்கள் யாவும் ஆண்களுடையன. மண்முனையில் அரசிருந்தாள் என்று 'மட்டக்களப்பு மான்மியம்' கூறும் உலகநாச்சியை நாம் பெருமையோடு நினைவுகூர்கின்றோம். ஆனால் பழங்கதையில் பெண்ணுக்கு அரியணை தந்த சமுதாயம் ஊர்ச்சபையில் அவளுக்கு ஓர் இருக்கை தரத் தயங்கியே வந்துள்ளது.

இலங்கைப் பெண்கள் வாக்குரிமை பெற்ற வரலாறு பெருமைக்குரியது. 1927இல் தோன்றிய பெண்கள் வாக்குரிமைச் சங்கத்தின் சார்பில் அக்னஸ் டி சில்வா முதலியோர் டொனமூர் ஆணைக்குழுவின் முன் சென்று வாதாடினர். 1931இல் சர்வசன வாக்குரிமை வந்தது. ஆனால் வாக்களிக்கும் உரிமை கிடைத்ததனால் சட்டசபையின் கதவும் திறந்துவிட்டது எனக் கொள்ளலாகாது. அக்கதவு வழியே முதலில் நுழைந்த பெண்கள் யாவர் என்பதை நோக்குவோம். 1931இல் அரசாங்க சபைக்குத் தெரிவான அடலின் மொலமுறே, தந்தையின் மறைவால் வெற்றிடமான ருவான்வெல்லைத் தொகுதியில் நின்றவர். 1932இல் தெரிவான முதல் தமிழ்ப் பெண் நேசம் சரவணமுத்து, கணவர் இழந்த கொழும்பு வடக்குத் தொகுதியில் நின்றவர். 1960இல் உலகின் முதற் பெண் பிரதமரான சிறிமாவோ பண்டாரநாயக்கா, 1959இல் கொலையுண்ட கணவரின் கட்சியை ஏற்றவர். நமக்கு அண்மையிலுள்ள பொத்துவில் தொகுதிக்கு 1980இல் நியமனம் பெற்ற ரங்கநாயகி பத்மநாதன், மறைந்த உறுப்பினர் கனகரத்தினத்தின் சகோதரி.

தந்தை, கணவர், சகோதரர் என ஓர் ஆணின் பெயரே இவர்களுக்கு அனுமதிச் சீட்டாயிற்று. இதனைக் கூறுவது இவர்களைச் சிறுமைப்படுத்துவதற்கு அன்று. நேசம் சரவணமுத்து 1936இல் மீண்டும் மக்களிடம் சென்று வென்றார். 1941இல் இறக்கும்வரை அத்தொகுதியின் பிரதிநிதியாக இருந்தார். குறை அவர்களுடையதன்று, வேறு வாயில் எதனையும் திறந்து வைக்காத சமுதாயத்தினுடையது.

இப்பின்னணியிலேதான் தங்கேஸ்வரி கதிராமன் அவர்களின் வாழ்வு நமது கவனத்துக்குரியதாகின்றது. 1952இல் படுவான்கரைக் கிராமமாகிய கண்ணன்குடாவிலே பிறந்தவர் அவர். வாவிக்கு மேற்கேயுள்ள அப்பகுதி வயலும் குளமும் கூத்தும் நிறைந்தது. பாதையும் பள்ளியும் வைத்தியசாலையும் பிந்தியே கண்டது. அத்தகைய ஊரிலிருந்து களனிப் பல்கலைக்கழகம் சென்று, தமிழ்ப் பெண்கள் அரிதாகவே நாடிய தொல்லியலைக் கற்றார். பின்னர் கலாசார உத்தியோகத்தராக அரச சேவையிலே பணியாற்றினார்.

கலாசார உத்தியோகத்தர் என்னும் பதவி பலருக்கு விழா ஒழுங்குசெய்யும் வேலையாகவே முடிந்துவிடும். அவரோ எழுத்திலே நிலைத்தார். 'விபுலானந்தர் தொல்லியல் ஆய்வு', 'குளக்கோட்டன் தரிசனம்', 'மாகோன் வரலாறு' ஆகிய நூல்கள் அவருடையன. 1215இல் படையெடுத்து வந்த கலிங்க மாகனைச் சிங்கள வரலாற்று நூல்கள் கொடியவனாகவே காட்டின; மட்டக்களப்பு மரபோ கோயில்களுக்கு ஒழுங்கு வகுத்த மாகோனாக அவனைப் போற்றுகின்றது. அந்த மறுபக்கத்தை நூலாக்கியவர் ஒரு கிராமத்துப் பெண் என்பது சிந்திக்கத்தக்கது. அவருடைய முடிவுகள் யாவற்றையும் ஏற்றுக்கொள்ள வேண்டும் என்பதில்லை. பழங்கதையையும் கல்வெட்டையும் வேறுபடுத்திக் காணவேண்டிய பணி பின்வருவோருக்கு உண்டு. எனினும் பிறர் எழுதும்வரை காத்திராது நமது வரலாற்றை நாமே தேடவேண்டும் என்னும் துணிவு அந்நூல்களில் உண்டு.

2004 ஏப்ரல் தேர்தலில் தமிழ்த் தேசியக் கூட்டமைப்பின் சார்பில் மட்டக்களப்பு மாவட்டத்திலிருந்து அவர் பாராளுமன்றத்துக்குத் தெரிவானார். அவருடைய பெயருக்குப் பின்னால் நின்றது அரச சேவையும் ஆராய்ச்சியுமே. ஆயினும் அது அமைதியான காலமன்று. முந்திய மாதத்திலேதான் விடுதலைப் புலிகள் இயக்கம் கிழக்கிலே பிளவுண்டது. கூட்டமைப்பின் வேட்பாளர் ஒருவர் வாக்களிப்புக்குச் சில நாட்களுக்கு முன் சுட்டுக் கொல்லப்பட்டார். அவ்வாண்டு டிசம்பர் 26இல் ஆழிப்பேரலை எழுவான்கரையைச் சூறையாடியது. 2005 நத்தார் ஆராதனையிலே ஜோசப் பரராஜசிங்கம் கொலையுண்டார். 2007இல் வாகரையும் படுவான்கரையும் போரில் வெறிச்சோடின; கிரானுக்கு மேற்கேயுள்ள குடும்பிமலை அவ்வாண்டு ஜூலையில் இராணுவத்தின் வசமாயிற்று. துப்பாக்கிகளிடையே எந்த மக்கட் பிரதிநிதியும் சுதந்திரமாகப் பேசிச் செயற்பட்டார் எனக் கூறல் இயலாது. அவரது பதவிக்காலத்தை மதிப்பிடுவோர் இதனை மறத்தலாகாது. 2010இல் அவர் அணிமாறி, ஆளுங்கூட்டணியின் வேட்பாளராக நின்று தோல்வியுற்றார். அம்முடிவைப் பலர் கண்டித்தனர். கண்டிக்கும் உரிமை வாக்காளருக்கு உண்டு. ஆனால் அந்த ஒரு முடிவைக் கொண்டு முழு வாழ்வையும் துடைத்தெறிவது வரலாற்று நெறியாகாது. அணிமாறிய ஆண்கள் பலருக்கு நாம் அத்தகைய தண்டனை விதித்ததில்லை. 2019இல் அவர் காலமானார்.

அவருக்குப் பின் யார்? மட்டக்களப்பு 2024இல் தெரிவுசெய்த ஐவரும் ஆண்களே. உள்ளூராட்சியில் மட்டும் ஒரு மாற்றம் ஏற்பட்டது. அங்கு நூற்றுக்கு இருவர் என்ற அளவிலேயே இருந்த பெண்கள், 25 வீத ஒதுக்கீட்டுச் சட்டம் முதன்முறை நடைமுறைக்கு வந்த 2018 தேர்தலில் நூற்றுக்கு இருபதைத் தாண்டினர். தகுதியுள்ள பெண்கள் இல்லை என்ற பழைய சாட்டு ஒரே தேர்தலில் பொய்யாயிற்று.

தகுதி என்றும் இருந்தது. போரில் கணவரை இழந்து குடும்பத்தைத் தனித்துத் தாங்கிய பெண்களும், மாதர் சங்கம் கூட்டிக் கிணற்றுக்கும் பாதைக்கும் மனு எழுதிய பெண்களும், காணாமற்போன பிள்ளையைத் தேடி முகாம் வாசல்களில் நின்ற தாய்மாரும் ஆற்றியது பொதுச்சேவையே. ஊதியமும் பதவியும் இன்றிச் செய்ததனால் ஏடுகளில் அது இடம்பெறவில்லை. மாகோனைத் தேடிய அதே கவனத்தோடு இப்பெண்களின் வரலாற்றையும் ஊர்தோறும் கேட்டெழுதுதல் வேண்டும். ஆசிரியரும் மாணவரும் வாசகசாலைகளும் சேர்ந்தால் அது இயலாத காரியமன்று. அதனைவிடத் தாமதிக்கலாகாத காரியம் ஒன்றுண்டு: குடியைத் தாய்வழியாக எண்ணும் நாம், கோயிற் சபையிலும் கட்சியின் வேட்பாளர் பட்டியலிலும் அத்தாயின் பெயரை எழுதத் தொடங்குதல் வேண்டும்.