ஒரு மீன்பெயரின் கடல்வழி

1769ஆம் ஆண்டு ஒக்டோபர் மாதத்தில் கப்பற்றலைவர் குக் நியூசிலாந்துக் கரையை அடைந்தார். அவருடன் சென்ற துப்பாயா என்பவர் தாகித்தியையடுத்த தீவொன்றிற் பிறந்தவர், கடல்வழி வல்லவர். அவர் தம்மொழியிற் பேச, முன்பின் கண்டிராத மாவோரி மக்கள் அதனை விளங்கிக்கொண்டனர். தாகித்திக்கும் நியூசிலாந்துக்கும் இடைப்பட்ட கடலோ ஏறத்தாழ 4,000 கிலோமீற்றர். இவ்விந்தைக்குக் காரணம் யாது? மடவை மீனின் பெயரைக்கொண்டு ஆராய்வோம்.

மடவையை மாவோரியர் ‘கன-எ’ என்பர். தாகித்தியர் ‘அன-எ’ என்பர். ஒரு சொல் ஒத்திருத்தல் தற்செயலாகலாம். ஆதலின் மற்றொன்றையும் நோக்குவோம். மீன் என்னும் பொதுப்பெயர் மாவோரியில் ‘இக’, தாகித்தியில் ‘இ-அ’. மாவோரியிற் ககரம் நிற்குமிடத்தில், தாகித்தியில் மிடறு ஒருகணம் அடைத்துத் திறக்கும் ஒலியே எஞ்சியுள்ளது. தமிழிற் பால், பல் என்பன கன்னடத்தில் ஹாலு, ஹல்லு என நிற்றல் போன்றதே இது. இவ்வாறு ஒழுங்குபட வரும் ஒலிமாற்றமே மொழியுறவுக்குத் தக்க சான்றாகும்.

இனி, தொங்காத் தீவினர் மடவையைக் ‘கனஹெ’ என்பர். பீஜித் தீவினர் ‘கனதெ’ என்பர். ஏனையோர் இழந்த இடைமெய்யை இவர்கள் காத்துள்ளனர். இவையனைத்தையும் ஒப்புநோக்கிக் ‘கனசெ’ என்னும் மூலவடிவை அறிஞர் மீட்டுள்ளனர். ஹவாய்த் தீவிலோ ‘அன-எ’ என்பது முழுவளர்ச்சி பெற்ற மடவைக்கு மட்டுமே உரிய பெயராயிற்று.

1947ஆம் ஆண்டில் தோர் ஹையர்தால் என்பார் தென்னமெரிக்காவிலிருந்து தெப்பமொன்றிற் பசிபிக் கடலைக் கடந்தார். இத்தீவுகளில் முதலிற் குடியேறியோர் அத்திசையிலிருந்தே வந்தனர் என்பது அவர் கொள்கை. தெப்பம் கரைசேர்ந்தது, எனினும் கொள்கை நிலைபெறவில்லை. ‘இக’ என்னும் சொல்லின் இனச்சொல் மேற்கே மலாய் மொழியில் ‘இக்கான்’ என வழங்குகின்றது. ஜெர்மானிய அறிஞர் ஒட்டோ தெம்புவொல்வ் 1934 முதல் 1938 வரை வெளியிட்ட நூலில் இத்தகைய ஒலியொழுங்குகளை விரிவாக நிறுவினார். இம்மொழிக் குடும்பத்தின் தாயகம் தாய்வான் தீவு என்பதே இன்று பெரும்பாலான மொழியறிஞர் துணிபு.

கல்வெட்டும் ஏடும் விட்டுச்செல்லாத அம்மாலுமிகளின் வழியை, அவர்தம் மக்கள் நாள்தோறும் கரையில் மீனை அழைக்கும் பெயரே நமக்குக் காட்டுகின்றது.