கோடைக்கானல் வான் ஆய்வக இயக்குநர் பதவி

கோடைக்கானல் வான் ஆய்வக இயக்குநர்: பழனி மலையில் ஏறத்தாழ 2,343 மீட்டர் உயரத்தில் 1899இல் நிறுவப்பட்ட சூரிய ஆய்வகத்தின் தலைமைப் பதவி. அறிவியல் பதவியே ஆனாலும் அதன் வேர் கடலோடு தொடர்புடையது. கிழக்கிந்தியக் கம்பெனி, கப்பல் போக்குவரத்துக்கும் நில அளவைக்கும் உதவும் பொருட்டு 1792இல் நுங்கம்பாக்கத்தில் கட்டிய சென்னை வான் ஆய்வகமே இதன் முன்னோடி.

முதல் இயக்குநர் மிச்சி ஸ்மித், 1911 வரை. அடுத்து வந்த ஜான் எவர்ஷெட்டே பதவிக்கு உலகப் பெயர் தேடித் தந்தவர் எனலாம். சூரியப் புள்ளிகளில் வாயு ஆரப்போக்கில் வெளிநோக்கிப் பாய்வதை அவர் 1909இல், உதவியாளராக இருந்தபோதே கண்டறிந்தார். ‘எவர்ஷெட் விளைவு’ என இன்றும் அது வழங்குகிறது. 1923இல் ராய்ட்ஸ் பொறுப்பேற்றார்.

1937இல் ஏ. எல். நாராயண் முதல் இந்திய இயக்குநரானார். அவருக்குப் பின் ஏ. கே. தாஸ்.

1960இல் வந்த வைணு பாப்பு, இரவு வானை ஆராயக் காவலூரைத் தேர்ந்தெடுத்தார். 1971இல் ஆய்வகம் தன்னாட்சி பெற்று இந்திய வான் இயற்பியல் நிறுவனமானது; அதன் தலைமையகம் இப்போது பெங்களூரில் உள்ளது. கோடைக்கானல் அந்நிறுவனத்தின் கள நிலையங்களுள் ஒன்று.