சவ்வாது மலையில் பயிர்த் தேர்வு

சவ்வாது மலை, கிழக்குத் தொடர்ச்சி மலையின் ஒரு பகுதியாகும். திருவண்ணாமலை, திருப்பத்தூர், வேலூர் ஆகிய மாவட்டங்களில் பரவியுள்ளது. இங்கு வாழும் மலையாளி பழங்குடியினர் நிலத்தின் தன்மையையும் நீரின் அளவையும் பார்த்தே பயிரைத் தேர்ந்தெடுக்கின்றனர். இவர்களின் முதன்மையான மானாவாரிப் பயிர் சாமை ஆகும்.

நிலமும் நீரும்

தென்மேற்கு, வடகிழக்கு ஆகிய இரு பருவமழைகளும் இங்குப் பெய்கின்றன. எனினும் அந்நீர் மலையில் தங்குவதில்லை. சரிவுகளில் மண் ஆழம் குறைவாகவும் கற்கள் மிகுந்தும் இருப்பதே காரணம். செய்யாறு இம்மலையில்தான் உற்பத்தியாகிறது. கமண்டல நதியின் நீர் படவேட்டுக்கு அருகிலுள்ள செண்பகத்தோப்பு அணையில் தேங்கிச் சமவெளி வயல்களுக்குச் செல்கிறது. மலைமேல் பெய்யும் மழையால் கூடுதல் பயன் பெறுபவர்கள் கீழே உள்ளவர்களே எனலாம்.

நெல்லுக்கு ஒரு பருவத்தில் ஏறத்தாழ 1,200 மி.மீ. நீர் வேண்டும். எனவே ஓடைகளை ஒட்டிய பள்ளங்களில் மட்டுமே அது பொருந்தும். சாமைக்கு அதில் மூன்றில் ஒரு பங்கு போதும். மேட்டுக் கொல்லைகளிலும் விளையும். எஞ்சிய ஈரத்தில் கொள்ளு வளரும். உழவுக்கு ஏற்காத சரிவுகளுக்குப் புளி, பலா, நெல்லி போன்ற மரங்களே ஏற்றவை.

உலக உணவு மற்றும் வேளாண்மை அமைப்பு 1976ஆம் ஆண்டில் வெளியிட்ட நில மதிப்பீட்டு வழிமுறையும் இதையே கூறுகிறது. நிலத்தைப் பொதுவாக நல்லது, கெட்டது என்று பிரிக்காமல், குறிப்பிட்ட ஒரு பயன்பாட்டுக்கு அது எந்த அளவு பொருந்தும் என்று அம்முறை ஆராய்கிறது. நெல்லுக்குத் தகாத நிலம் சாமைக்குத் தக்கதாகலாம்.

சாமை எதிர்கொள்ளும் சிக்கல்கள்

நிலமும் நீரும் பொருந்தினாலும் சாமையின் இடம் உறுதியானதன்று. அதன் உமியை நீக்குவது கடினமான வேலை. உரலில் குத்தும் பணி பெரும்பாலும் பெண்கள்மேல் விழுந்தது. தமிழகத்தில் 2011 முதல் நியாயவிலைக் கடைகளில் அரிசி இலவசமாகக் கிடைப்பதால், வீட்டு உணவுக்காகச் சிறுதானியம் பயிரிட வேண்டிய தேவையும் குறைந்தது. கொல்லிமலையில் சேகோ ஆலைகளுக்கான மரவள்ளி, சிறுதானிய நிலங்களில் பெரும்பகுதியைப் பிடித்துக்கொண்டது இங்கு ஒப்பிடத்தக்கது. கிழங்கைத் தோண்டும்போது சரிவின் மண் கிளறப்பட்டு மழையில் அரிக்கப்படுகிறது. சந்தை விலையில் இந்த இழப்பு கணக்கிடப்படுவதில்லை.

இரகங்கள்

திருவண்ணாமலைக்கு அருகிலுள்ள அத்தியந்தலில் தமிழ்நாடு வேளாண்மைப் பல்கலைக்கழகத்தின் சிறுதானிய மகத்துவ மையம் இயங்குகிறது. இம்மையம் உருவாக்கிய அத்தியந்தல் 1 என்னும் சாமை இரகம் 85 முதல் 90 நாட்களில் முதிர்கிறது. மழை முன்னதாக நின்றுவிடும் ஆண்டுகளில் இத்தகைய குறுகிய கால இரகம் தப்பிக்கும். மழை நீடிக்கும் ஆண்டுகளிலோ முதிர்ந்த கதிர் கொல்லையிலேயே நனைந்து கெடக்கூடும். அத்தகைய ஆண்டுகளில், தாமதமாக முதிரும் நாட்டு இரகங்களே பயன்படுகின்றன.