கோப்புக்குள் இருந்த நண்பர்

"குற்றமற்றவன் எதற்கு அஞ்ச வேண்டும்?" அரசின் கண்காணிப்பைப் பற்றிப் பேச்செழும்போதெல்லாம் நாம் கேட்கும் கேள்வி இது. வரலாறு இதற்கு விடை வைத்திருக்கிறது.

கிழக்கு ஜெர்மனியில் 1950-இல் நிறுவப்பட்ட அரசுப் பாதுகாப்பு அமைச்சகத்தை மக்கள் 'ஸ்டாசி' என்றழைத்தனர். 1989-இல் ஏறத்தாழ 91,000 பேர் அதில் முழுநேரப் பணியாற்றினர். அவர்களுக்கு மறைவாக ஒற்றுரைத்தவர்களோ 1,50,000-க்கும் மேற்பட்டோர் என்பது ஆவணக் காப்பகத்தின் கணக்கு. கடிதங்கள் நீராவியில் பிரிக்கப்பட்டு, படிக்கப்பட்டு, மீண்டும் ஒட்டப்பட்டன. தொலைபேசிகள் ஒட்டுக்கேட்கப்பட்டன.

1989 நவம்பரில் பெர்லின் சுவர் திறந்தது. 1990 சனவரி 15 அன்று மக்கள் அவ்வமைச்சகத்தின் தலைமையகத்துள் நுழைந்தனர். 1992 முதல், தம்மைப் பற்றிய கோப்பைத் தாமே படிக்கும் உரிமை அவர்களுக்குக் கிட்டியது. படித்தவர்கள் திகைத்தனர். புனைபெயர்களுக்குப் பின்னால் நண்பர் இருந்தார். உடன் பணியாற்றியவர் இருந்தார். சிலருக்கு வாழ்க்கைத் துணையே இருந்தார். திருச்சபைப் பணியாளர்களுள் சிலரும் விதிவிலக்கல்லர். குற்றமற்றவர்கள் இழந்தது இரகசியத்தை மட்டுமன்று. மனிதர்மீது கொண்ட நம்பிக்கையையும்தான்.

இன்று நீராவி தேவையில்லை. யாருடன் பேசினோம், எங்குச் சென்றோம், எதைத் தேடினோம் என்பவற்றை நம் கைப்பேசியே பதிந்துவைக்கிறது. அந்தரங்கம் அடிப்படை உரிமையே என நம் உச்ச நீதிமன்றத்தின் ஒன்பது நீதிபதிகள் 2017 ஆகஸ்டு 24 அன்று ஒருமனதாகத் தீர்ப்பளித்தனர். ஆயினும் தீர்ப்பு மட்டும் காவலாகிவிடாது.

குற்றவாளியைத் தேடுவது அரசின் கடமை. யாரை, எதற்காக, எந்தச் சட்டத்தின்படி எனக் கேட்பது நம் கடமை. பிறர் கடிதத்தைப் பிரிக்கச் சொல்லி நம்மிடம் ஒருவர் வந்தால், மறுக்கும் துணிவு நமக்குண்டா என்பதையும் நாமே கேட்டுக்கொள்வோம்.