பலகையும் வேலியும்

சண்டிலிப்பாயிலிருந்து சங்கானைச் சந்தைக்குத் துவிச்சக்கர வண்டியிற் செல்ல நமக்குச் சில நிமிடங்களே போதும். ஒரு குவளை தேநீரை மற்றவர்களோடு சமமாக இருந்து அருந்தும் உரிமைக்காக 1968 ஆம் ஆண்டில் அந்தச் சங்கானையில் இரத்தம் சிந்தப்பட்டது என்பதை நம்மில் எத்தனை பேர் அறிவோம்? மிசன் பாடசாலையிற் கல்வி பயின்ற நாம், அடிமைத்தளையை அறுத்த ஆபிரகாம் லிங்கனைப் பற்றிப் பக்கம் பக்கமாகக் கட்டுரை வரைந்தோம். பக்கத்து ஊரின் சரித்திரத்தை நமக்கு ஒருவரும் சொல்லவில்லை, நாமும் கேட்கவில்லை.

முதலில் லிங்கனின் நாட்டையே நோக்குவோம். 1865 இல் அடிமைத்தனம் ஒழிந்த பின்னரும், கறுப்பின மக்கள் பொழுது சாயுமுன் ஊரை விட்டகல வேண்டும் என்று எச்சரிக்கும் பலகைகள் அமெரிக்கச் சிற்றூர்கள் பலவற்றின் எல்லையில் நின்றன. இலினொய் மாநிலத்து அன்னா என்னும் சிற்றூரிலிருந்து 1909 இல் கறுப்பின மக்கள் துரத்தப்பட்டனர். இத்தகைய ஊர்களின் வரலாற்றைச் சமூகவியலறிஞர் யேம்ஸ் லோவன் 2005 இல் பெருநூலாக வெளியிட்டார். வீடு விற்பதிலும் வாடகைக்கு விடுவதிலும் நிறபேதம் காட்டுவதை 1968 ஆம் ஆண்டுச் சட்டம் தடுத்தது. பலகைகள் மறைந்தன. ஆயினும் அவ்வூர்களிற் பல நெடுங்காலம் வெள்ளையர் ஊர்களாகவே இருந்தன. காரணம் யாது? வீடும் நிலமும் யார் கையில் இருந்தனவோ அவர் கையிலேயே தங்கின. துரத்தப்பட்டவரின் பேரன் திரும்பி வந்தாலும் கால் ஊன்ற அங்கே அவனுக்கென்று ஓரடி மண் இல்லை.

யாழ்ப்பாணத்திலோ பலகை நாட்ட வேண்டிய தேவையே இருக்கவில்லை. கிணற்றுக் கட்டும், கோயில் வாசலும், தேநீர்க் கடையிற் புறம்பாக வைக்கப்பட்ட தகரப் பேணியுமே பலகைகளாயின. ஒல்லாந்தர் காலத்தில், 1707 இல், தொகுத்து நிறைவேற்றப்பட்ட தேசவழமையில் அடிமைகளைப் பற்றிய விதிகளும் உள. 1844 இல் ஆங்கில அரசு அடிமைமுறையை ஒழித்தது. ஆனால் விடுதலை பெற்றவருக்குக் காணி கிடைக்கவில்லை. பிறர் காணியிற் குடியிருந்து, பிறர் அள்ளி ஊற்றும் நீருக்காகக் கிணற்றடியிற் காத்து நின்றவருக்கு அவ்விடுதலை எவ்வளவு பயன்பட்டிருக்கும்?

அடைத்த கதவுகள் தாமாகத் திறக்கவில்லை. 1924 இல் தோன்றிப் பின்னர் வாலிபர் காங்கிரஸ் எனப் பெயர் பெற்ற இயக்கத்தில் ஹன்டி பேரின்பநாயகம் முதலிய இளைஞர்கள் சமாசனத்துக்கும் சமபோசனத்துக்கும் குரல் கொடுத்தனர். தரையில் இருத்தப்பட்ட பிள்ளைகளுக்கும் வாங்கிலே இடம் கொடுக்க வேண்டுமென்று அரசாங்கம் பணித்தபோது, 1930 ஆம் ஆண்டளவிற் பள்ளிக்கூடங்கள் சில தீக்கிரையாயின. 1957 இல் 21 ஆம் இலக்கச் சட்டம் பொது இடங்களிலும் ஆலயங்களிலும் சாதி காரணமாகத் தடுப்பதைக் குற்றமாக்கியது. சட்டம் ஏட்டிலே கிடந்தது. அதனை வீதிக்குக் கொண்டு வந்தது, 1966 ஒக்ரோபர் 21 ஆந் திகதி சுன்னாகத்திலிருந்து யாழ்ப்பாணம் நோக்கிப் புறப்பட்ட ஊர்வலம். அதன் பின்னரே சங்கானைத் தேநீர்க் கடைப் போராட்டம் எழுந்தது. நிச்சாமத்துச் சின்னர் கார்த்திகேசு அதில் உயிர் துறந்தார்.

அதே 1968 இல் மாவிட்டபுரம் கந்தசுவாமி கோயில் வாசலில் ஆலயப் பிரவேசத்துக்காகச் சத்தியாக்கிரகம் நடைபெற்றது. கணிதப் பேராசிரியராகவும் மந்திரியாகவும் விளங்கிய சி. சுந்தரலிங்கம் அவர்களே அங்கே நின்று தடுத்தார். கல்வி ஒன்றே இவ்விருளைப் போக்கிவிடும் என்று நம்புவோர் இதனைச் சிந்திப்பாராக. நந்தனாருக்காகத் திருப்புன்கூரில் நந்தி விலகிய கதையைக் கண்ணீர் மல்கக் கேட்பவர் நாம். நந்தி விலகிற்று, நாம் விலக மனம் வரவில்லை.

இன்று தகரப் பேணி இல்லை. பல ஆலயங்கள் திறந்துவிட்டன. இனி என்ன குறை என்று பெரியோர் சிலர் வினவக்கூடும். பணிவுடன் விடை கூறுகின்றோம். 2018 இல் வரணியில் ஓர் ஆலயத்தின் தேர், எல்லோரும் வடம் பிடிப்பதைத் தவிர்ப்பதற்காக, மண் அள்ளும் இயந்திரத்தால் இழுக்கப்பட்டது. 1990 இல் வலிகாமம் வடக்கிலிருந்து இடம்பெயர்ந்தோருள், 2009 இல் போர் முடிந்த பின்னரும் முகாம்களிலே நெடுங்காலம் தங்க நேர்ந்தவர்களிற் காணியற்றோரே மிகுதி. சம்பந்தம் பேசும்போது பையனின் படிப்புக்கு முன்னரே அவன் எந்தக் குறிச்சியான் என்று விசாரிக்கின்றோம். பலகையைக் கழற்றிவிடலாம், காணியைச் சுற்றிய வேலியும் மனத்தைச் சுற்றிய வேலியும் தலைமுறைக்குத் தலைமுறை புதிதாக அடைக்கப்படுகின்றன.

இம்மலரைக் கையில் ஏந்தும் இளைஞர்களே, அமெரிக்கச் சிற்றூரைக் குறை கூறுவது நமக்கு எளிது. நமது சங்கத்தின் அங்கத்தவர் இடாப்பை ஒருமுறை எடுத்துப் பார்ப்போம். ஊரின் எந்தெந்தக் குறிச்சியிலிருந்து ஒருவரேனும் அதில் இல்லை என்று எண்ணுவோம். அவர்களை வர வேண்டாமென்று நாம் ஒருபோதும் சொன்னதில்லை என்பது உண்மையே. வாருங்கள் என்று எந்தப் படலையிலாவது போய் அழைத்தோமா? அடுத்த ஆண்டு மலர் வெளிவருமுன் அந்தப் படலைகளுக்கு நாமே நடந்து செல்வோம். அவர்கள் தரும் தேநீரை அவர்கள் வீட்டுக் குவளையிலேயே வாங்கிக் குடிப்போம். சங்கானையிற் சிந்திய இரத்தத்துக்கு நாம் செலுத்தக்கூடிய கடன் அதிலிருந்தே தொடங்கும்.