இதய நீர்க்கட்டி நோய்: கண்டறியும் முறை

இதய ஹைடாடிட் நீர்க்கட்டி, எக்கினோகாக்கஸ் கிரானுலோசஸ் என்னும் நாடாப்புழுவின் இளம்பருவம் இதயத்தில் தங்கி வளர்வதால் உண்டாகும் நோய். முதிர்ந்த புழு நாயின் குடலில் வாழும். அதன் மலத்தில் வெளியேறும் முட்டைகள் ஆடுமாடுகளின் உடலுக்குள் செல்வதே இயல்பான சுழற்சி. கழுவாத கை, கீரை, நீர் வழியாக மனிதரும் இடையில் சிக்கிக்கொள்கின்றனர். கட்டிகளில் ஏறத்தாழ 70 விழுக்காடு கல்லீரலிலும் 20 விழுக்காடு நுரையீரலிலும் தங்குகின்றன. அவ்விரண்டையும் தாண்டி இதயத் தமனிகள் வழியே இதயத்தசையை அடைபவை 0.5 முதல் 2 விழுக்காடு மட்டுமே. இரத்த ஓட்டம் மிகுந்த இடது கீழறையில்தான் அவை அதிகம் காணப்படுகின்றன.

இந்நோயை அறிவதில் படமே முதன்மையானது. இரத்தப் பரிசோதனை அதற்குத் துணை மட்டுமே. உடையாத கட்டியின் சுவர் புழுவின் புரதங்களை வெளியே விடாததால், எதிர்ப்பொருள்களைத் தேடும் எலைசா இரத்தப் பரிசோதனை நோய் இருந்தும் இல்லையெனக் காட்டலாம். பன்றி நாடாப்புழு நோய் பரவியுள்ள இந்தியாவில், அதன் எதிர்ப்பொருள்கள் இதே சோதனையில் நோய் இருப்பதாகப் பொய்யாகவும் காட்டக்கூடும். ஈசினோபில் அணுக்கள் பெருகுவதும் உறுதியான சான்றன்று. எக்கோ எனும் இதய மீயொலிப் படத்தில் கட்டிக்குள் சேய்க்கட்டிகள் தெரிந்தால் ஐயம் பெரிதும் நீங்கும். தெரியாவிட்டால் இரத்தக்கட்டி, மிக்சோமா என்னும் இதயக் கட்டி, பிறவிக் கட்டி ஆகியவற்றிலிருந்து பிரித்தறிய எம்ஆர்ஐ வேண்டும். சுவரின் சுண்ணாம்புப் படிவைச் சிடி காட்டும்.

ஊசியால் நீரெடுத்துப் பார்த்தால் முடிவு உறுதியாகுமே என்று கேட்கலாம். கல்லீரல் கட்டிகளில் மருந்துக் காப்புடன் அவ்வாறு செய்வதுண்டு. ஆனால் இதயத்தில் கட்டி கசிந்தால் கடும் ஒவ்வாமை அதிர்ச்சி ஏற்படலாம். இடப்பக்கத்திலிருந்து சிதறும் துண்டுகள் மூளைக்கும், வலப்பக்கத்தவை நுரையீரலுக்கும் செல்லும். ஆகவே அறுவையில் அகற்றிய கட்டியின் அடுக்குச் சவ்வையும் புழுவின் கொக்கிகளையும் நுண்ணோக்கியில் காண்பதே இறுதிச் சான்று.

இவ்வளவு அரிய நோயை ஒலக்கூர் போன்ற ஊர்ப்புற ஒன்றியத்து மருத்துவர் ஏன் நினைவில் வைக்க வேண்டும்? மார்பு வலி உள்ள எல்லோரிடமும் இதைத் தேட வேண்டியதில்லை என்பது சரியே. ஆனால் எக்கோவில் நீர்க்கட்டி தென்பட்டபின் ஐயுறாமல் விடுவதற்கு அரிது என்பது காரணமாகாது. நாய், ஆடுகளோடு பழக்கம் உண்டா எனக் கேட்பதற்குச் செலவில்லை. வயிற்று ஸ்கேனில் கல்லீரலிலும் கட்டி இருந்தால் ஐயம் வலுக்கும். அதன்பின் முண்டியம்பாக்கம் அரசு மருத்துவக் கல்லூரிக்கோ புதுச்சேரி ஜிப்மருக்கோ அனுப்பும் சீட்டில் இந்த ஐயத்தையும் எழுதினால், ஊசி குத்தும் ஆபத்து தவிர்க்கப்படும்.