வாய் வெண்படலம்: நோய்ப்போக்கும் சிக்கல்களும்

அக்கரம் என்று வழக்கில் சொல்லப்படும் வாய் வெண்படலம், கேண்டிடா என்னும் ஈஸ்ட் வகைப் பூஞ்சையால், பெரும்பாலும் கேண்டிடா அல்பிகன்ஸால் வருவது. நலமாக இருக்கும் பலரின் வாயிலும் இப்பூஞ்சை தொல்லை தராமல் வாழ்கிறது. நோய் எதிர்ப்பாற்றல் குறைந்தாலோ, ஆன்டிபயாடிக் மருந்துகளால் அதன் போட்டியாளர்களான பாக்டீரியாக்கள் அழிந்தாலோ பெருகிப் படர்கிறது. ஆகவே நோய் எப்படி முடியும் என்பது பூஞ்சையைவிட அது குடியிருக்கும் உடலைப் பொறுத்தது.

கைக்குழந்தைகளுக்குப் பெரும்பாலும் கவலையில்லை. சில வாரங்களில் தானாகவே மறைவதும் உண்டு. நிஸ்டாட்டின் சொட்டு மருந்து கொடுத்தால், படலம் மறைந்த பிறகும் இரண்டு நாள் தொடர்வது வழக்கம். நியூயார்க் மாநில சுகாதாரத் துறையில் பணியாற்றிய எலிசபெத் ஹேசனும் ரேச்சல் பிரவுனும் 1950இல் அறிவித்த மருந்து அது. தாயின் முலைக்காம்பிலும் தொற்று இருந்தால் இருவருக்கும் ஒரே நேரத்தில் மருந்து வேண்டும். இல்லையேல் தொற்று மாறிமாறித் திரும்பும். வெங்காரத்தைத் தேனில் குழைத்து நாக்கில் தடவும் பழைய கைவைத்தியத்தை விட்டுவிடுவதே நல்லது. வெங்காரம் குழந்தைக்கு நஞ்சு. ஒரு வயதுக்குள் தேனும் பாட்டுலிசம் என்னும் ஆபத்தான நோயைத் தரக்கூடும்.

பெரியவர்களுக்கு ஃப்ளுகோனசோல் போன்ற மருந்துகள் 7 முதல் 14 நாட்களில் பெரும்பாலும் குணம் தருகின்றன. சிக்கல், அது திரும்பி வருவதில்தான். இரவிலும் கழற்றாத பல்செட், ஆஸ்துமாவுக்கு ஸ்டீராய்டு இன்ஹேலர் இழுத்தபின் வாய் கொப்பளிக்காமை, கட்டுப்படாத சர்க்கரை நோய் ஆகியவற்றைச் சரிசெய்யாமல் மாத்திரையை மட்டும் மீண்டும் மீண்டும் வாங்கி விழுங்கினால், மருந்துக்கு மசியாத பூஞ்சைகளே மிஞ்சும். வாயில் தடவும் மைகோனசோல் என்னும் பூஞ்சைக்கொல்லி ஜெல்லும்கூட, ரத்தம் உறைவதைத் தடுக்கும் வார்ஃபரின் மருந்தை எடுப்பவர்களுக்கு ரத்தக்கசிவை உண்டாக்கலாம்.

முக்கியமான சிக்கல், தொற்று உணவுக்குழாய்க்கு இறங்குவது. விழுங்கும்போது வலி, நெஞ்செலும்புக்குப் பின்னால் எரிச்சல், சாப்பிட முடியாமல் எடை குறைதல் ஆகியவை அதன் அறிகுறிகள். எச்.ஐ.வி. தொற்றுக்கு உலக சுகாதார நிறுவனம் வகுத்த படிநிலைகளில், நீடிக்கும் வாய்த் தொற்று மூன்றாம் நிலை. உணவுக்குழாய்த் தொற்று நான்காம் நிலை, அதாவது எய்ட்ஸ். 1981 ஜூனில் லாஸ் ஏஞ்சலிஸ் நோயாளிகளைப் பற்றி வெளியான முதல் எய்ட்ஸ் அறிக்கையில் விவரிக்கப்பட்ட ஐந்து இளைஞர்களுக்கும் கேண்டிடா தொற்று இருந்தது. வேறு காரணம் எதுவும் புலப்படாத பெரியவருக்கு வெண்படலம் வந்தால் எச்.ஐ.வி., சர்க்கரை இரண்டுக்கும் பரிசோதனை செய்யச் சொல்வது இதனால்தான். எச்.ஐ.வி.க்கான கூட்டு மருந்துச் சிகிச்சையால் எதிர்ப்பாற்றல் மீளும்போது வாய்த் தொற்றும் பெரும்பாலும் அடங்கிவிடுகிறது.

பூஞ்சை ரத்தத்தில் கலந்து கண், இதயம், மூளை வரை பரவுவது உயிருக்கு ஆபத்து. ஆனால் வாயில் மட்டும் வெண்படலம் உள்ள, மற்றபடி நலமானவர்களுக்கு அது மிக அரிது. வெள்ளணுக்கள் வெகுவாகக் குறைந்த புற்றுநோயாளிகள், குறைமாதக் குழந்தைகள், சிரையில் நீண்ட நாள் குழாய் பொருத்தப்பட்டவர்கள் ஆகியோரே அதற்கு ஆளாகிறார்கள்.

புகைபிடிப்பவர்களுக்குக் கடைவாயின் உட்புறத்தில் தடித்த வெண்திட்டு உண்டாகி, சுரண்டினாலும் பெயராமல் இருக்கலாம். கேண்டிடா தொற்றின் நாட்பட்ட இந்த வகையில் ஒரு பகுதி புற்றுநோயாக மாறக்கூடும் என்பதால், சிறு திசுத்துண்டை எடுத்து ஆய்வுக்கு அனுப்புகிறார்கள்.